ட்ரான்ஸ்க்ரைப்: கேட்டுக் கேட்டு கிட்டார் பிடிப்பவர்களுக்கு 39 டாலர் தகுமா?

ட்ரான்ஸ்க்ரைப் என்பது பாட்டை மெதுவாக ஓடவிட்டுக் காதால் நோட்டுப் பிடிக்க உதவும் கணினி சாஃப்ட்வேர், விலை 39 டாலர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தகும். ஆனால் எல்லோருக்கும் இல்லை. பாட்டை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி சாஃப்ட்வேர் பைசா செலவில்லாமல் கிடைக்கிறது, செல்போனில் பாட்டைக் கொடுத்தால் கார்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டம்) எல்லாம் வரிசையாக வந்து விழுகிற ஆப்கள் இருக்கின்றன, அப்புறம் பாட்டை மெதுவாக ஓடவிடுவதற்கு மட்டும் எதற்கு மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்று எங்கள் குழுவிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் நீளம்.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்காரன், கோயில் பாடகர் குழுவில் கிட்டார். திருவிழா நெருங்கினால் மாஸ்டர் வாட்ஸப்பில் ஒரு லிங்க் போட்டு, "தம்பி, ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்து வச்சிருங்க" என்பார், அவ்வளவுதான் குறிப்பு. இங்கிலீஷ் பாட்டு என்றால் எவனாவது டேப் என்கிற கிட்டார் குறிப்பு எழுதி வைத்திருப்பான், கம்பி எது, ப்ரெட் (விரல் வைக்கிற கட்டம்) எது என்று எல்லாம் இருக்கும். தமிழ்ப் பக்திப் பாட்டுக்கும் பழைய சினிமாப் பாட்டின் இன்டர்லூடுக்கும் (நடுவில் வரும் வாத்திய இசை) அந்த வசதி கிடையாது. மிஞ்சிப்போனால் வரிக்கு மேலே நாலு கார்ட் போட்டிருப்பார்கள், அதுவும் பாதி நேரம் வேறு ஸ்கேலில் இருக்கும். ஆகவே காதுதான் கதி. கரையோரம் கிட்டார் வாசிக்கிற எல்லோரும், பாம்பனோ மண்டபமோ ஏர்வாடியோ, இப்படித்தான் பிடிக்கிறோம்.

சரி, இந்த ட்ரான்ஸ்க்ரைப். செவன்த் ஸ்ட்ரிங் என்ற நிறுவனத்தின் சாஃப்ட்வேர், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பெயருக்குக் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியும் உண்டு, நான் போடவில்லை, ஒவ்வொரு வாக்கியமும் கத்துகிற மாதிரி ஆகிவிடும். பார்க்க ரொம்பப் பழங்கால முகம், சாம்பல் நிறப் பொத்தான்கள், மேலே அலைவடிவம், கீழே ஒரு பியானோ. அழகு பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேயே திரும்பிப் போய்விடலாம். ஆனால் என் பழைய லேப்டாப்பில், ப்ரௌசரைத் திறந்தாலே விசிறி அலறுகிற அந்த லேப்டாப்பில், இது சத்தமில்லாமல் ஓடுகிறது.

செய்கிற வேலை எளிது. பாட்டை உள்ளே போடு, வேண்டிய துண்டை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடு, அது திரும்பத் திரும்ப ஓடும். வேகத்தைப் பாதியாக்கினாலும் சுருதி இறங்காது. பாட்டு ஓடும்போதே எஸ் என்ற பொத்தானைத் தட்டினால் பகுதிக்கு ஒரு கோடு, எம் தட்டினால் பாருக்கு (ஒரு தாளச் சுற்று), பி தட்டினால் பீட்டுக்கு (ஒரு தாளத் தட்டு). இந்தக் கோடு போடுகிற வேலையைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீர்கள். பல்லவி, முதல் இன்டர்லூட், சரணம் என்று கோடு போட்டு முடித்த உடனேயே இன்டர்லூட் எட்டு பாரா பன்னிரண்டு பாரா, எங்கே அரை பார் கூடுதலாக வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கீபோர்டுக்காரருக்கும் எனக்கும் ஒத்திகையில் வருகிற சண்டையில் பாதி அங்கேதான்.

எவ்வளவு மெதுவாக்கலாம் என்றால், பாதி வேகம் வரை குரலும் கம்பியும் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும். நிமிடத்துக்கு 120 பீட் போகிற பாட்டில் ஒரு பீட்டுக்கு நாலு நோட்டு வாசித்தால் நொடிக்கு எட்டு நோட்டு, பாதியாக்கினால் நாலு, அதைக் காது பிடித்துவிடும். கால் வேகத்துக்குப் போனால் தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி ஒரு குழைவு வரும், எந்தச் சாஃப்ட்வேரிலும் வரும். எந்த இடத்தில் பிக் (கம்பியை மீட்டுகிற சின்னத் தகடு) கம்பியைத் தொட்டது என்பதே மங்கிவிடும். அதனால் நான் பாதிக்குக் கீழே அபூர்வமாகத்தான் போவேன்.

போன திருவிழாவுக்கு எடுத்த ஒரு பாட்டில் வயலின் கூட்டத்துக்குப் பின்னால் கிட்டார் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து வாசித்துக்கொண்டு போகும். மூன்றாவது கார்டில்தான் பிரச்சினை. அடிச்சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டார் இ என்ற சுரத்தில் நிற்கிறது, மேலே ஜி சுரம் தெளிவாகக் கேட்கிறது. அப்படியென்றால் அது இ மைனராக இருக்கலாம், இ-யை அடியில் வைத்த சி மேஜராகவும் இருக்கலாம். இரண்டிலும் இ உண்டு, ஜி உண்டு, வித்தியாசம் பி-யா சி-யா என்கிற ஒரே ஒரு அரை சுரம். முழு வேகத்தில் கேட்டால் மனசு எதை நினைக்கிறதோ அதுவாகவே காதில் விழும், இதுதான் இந்த வேலையின் பெரிய பொறி. அந்த ஒரு பீட்டை மட்டும் பிடித்து, பாதி வேகத்தில் சுற்றவிட்டு, கீழே இருக்கிற பியானோவில் பி-யை ஒரு தட்டு, சி-யை ஒரு தட்டு. பி தட்டும்போது பாட்டோடு உரசுகிறது, சி தட்டும்போது பாட்டுக்குள் காணாமல் போகிறது. காணாமல் போவதுதான் விடை. இரண்டு நிமிட வேலை. கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டை நிறுத்தி, தட்டி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தால் இதற்கே ஒரு சாயங்காலம் போகும்.

அந்தப் பியானோவுக்கு மேலே ஒரு வரைபடம் ஓடும், தேர்ந்தெடுத்த துண்டில் எந்தெந்தச் சுரத்தில் எவ்வளவு சத்தம் என்று மேடு மேடாகக் காட்டும். புதிதாக வாங்குகிறவர்கள் இதைப் பார்த்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். முடியாது. கிட்டாரின் ஐந்தாவது கம்பியைச் சும்மா தட்டினால் 110 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 110 அதிர்வு, அது ஏ. ஆனால் கம்பி 110-இல் மட்டும் அதிராது, 220, 330, 440, 550 என்று மேலேயும் அதிரும். 330 என்பது கிட்டத்தட்ட இ, 550 கிட்டத்தட்ட சி ஷார்ப். ஆக, ஒரே ஒரு கம்பியைத் தட்டினாலே வரைபடத்தில் ஏ, இ, சி ஷார்ப் மூன்றும் மேடாக நிற்கும், ஏ மேஜர் கார்டே வாசித்த மாதிரி. ஏ மைனர் வாசித்திருந்தால் உண்மையான சி ஒரு பக்கம், ஏ-யின் எதிரொலியாக வந்த சி ஷார்ப் ஒரு பக்கம், இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டையில் நிற்கும். வரைபடத்தை மட்டும் நம்பினால் மைனர் பாட்டை மேஜராக்கி, சோகப் பாட்டைக் கல்யாணப் பாட்டாக்கி விடலாம். வரைபடத்தில் ஆள் இருக்கிறானா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது, யார் என்று காதுதான் சொல்ல வேண்டும். கார்டை ஊகித்துச் சொல்லும் வசதியும் இதிலே இருக்கிறது. ஆனால் இது ஊகம்தான், பாட்டை அப்படியே நோட்டாக மாற்றித் தருகிற சாஃப்ட்வேர் இல்லை என்று செய்தவர்களே சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்குப் பிடிக்கும்.

இந்த இடத்தில் செல்போன் ஆப்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாதச் சந்தா கட்டி ஒன்றை வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். ஜி, டி, இ மைனர், சி என்று நேராகப் போகிற பாட்டில் பிசகாமல் சொல்லும், மேடையில் திடீரென்று ஒருவர் வந்து பாட்டுச் சொன்னால் கை கொடுக்கும். ஆனால் நம் ஊர்ப் பாட்டில் கிட்டார் எப்போதும் கார்டைப் போட்டு அடித்துக்கொண்டா இருக்கிறது? இளையராஜா லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் க்ளாசிகல் கிட்டார் தேர்வு எழுதியவர், அவருடைய எண்பதுகளின் பாட்டுகளில் கிட்டார் பல இடங்களில் தனி வரியாக, குரலுக்கு எதிர்ப்பாட்டாக ஓடும், பேஸ் கிட்டார் வேறொரு வரியாக ஓடும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் தற்செயலாக ஒரு கார்ட் பிறக்கும். ஆப் அந்தத் தற்செயலுக்குப் பெயர் வைத்து, அரை பீட்டுக்கு ஒன்று வீதம் ஏழெட்டு கார்டைக் கொட்டுகிறது. அதைப் பார்த்து வாசித்தால் தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் பாட்டு வராது. வருஷச் சந்தாவைக் கணக்குப் போட்டால் ட்ரான்ஸ்க்ரைப் விலையைத் தாண்டிவிடும், இதுவோ ஒரு தடவை கட்டினால் போதும். நான் சந்தாவை நிறுத்திவிட்டேன்.

குரலைத் தனியாக, ட்ரம்ஸைத் தனியாக, பேஸைத் தனியாகப் பிரித்துத் தருகிற சேவைகள் வேறு ரகம், அவை உண்மையிலேயே பிரயோஜனம். இணையத்தில் பாட்டுக் கேட்க வைக்கும் டீசர் (Deezer) நிறுவனம் 2019-இல் ஸ்ப்ளீட்டர் என்ற பிரிக்கும் கருவியை இலவசமாக வெளியிட்ட பிறகு இது எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. பேஸைப் பிரித்து எடுத்து, அதை ட்ரான்ஸ்க்ரைபில் போட்டு, ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஏற்றிக் கேட்டுப் பாருங்கள். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ் சுமார், செல்போன் ஸ்பீக்கரில் அந்தச் சத்தத்தைத் தேடினாலும் கிடைக்காது. ஏற்றிவிட்டால் சாதாரண கிட்டார் வரம்புக்குள் வந்து வார்த்தை வார்த்தையாகப் பேசும். பேஸ் கிடைத்தால் கார்டில் பாதி கிடைத்த மாதிரி, நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன். கிட்டாரை மட்டும் பிரிக்கச் சொன்னால்தான் தகராறு, வயலினும் வீணையும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும்.

ட்ரான்ஸ்க்ரைபுக்கு நான் காசு கட்ட முடிவு செய்தது இதற்கெல்லாம் அல்ல, அப்பாவின் கேசட்டுகளுக்காக. எங்கள் கரையில் அந்தக் காலத்தில் இலங்கை வானொலிதான் வீட்டு ரேடியோ, உள்ளூர் ஸ்டேஷனைவிடத் தெளிவாக விழும் என்பார்கள். அப்பா ரேடியோவை ஓடவிட்டு டேப்பில் பதிந்து வைத்த இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன, பைலா என்ற இலங்கை ஆட்டப் பாட்டுத் தாளத்தில், ஆறு எட்டு கணக்கில், பெட்டிக் கிட்டாரை அடித்துப் பாடுவது. அதைத் திருவிழாக் கலை நிகழ்ச்சியில் வாசித்தால் பெரிசுகள் எழுந்து ஆடுவார்கள், ஆனால் வாசிக்க முடியாது. காரணம், எந்தப் பாட்டும் எந்த ஸ்கேலிலும் உட்காராது. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதிந்தபோது ரப்பர் பெல்ட் தளர்ந்து டேப் மெதுவாகச் சுற்றியிருந்தால், இன்று சரியான வேகத்தில் ஓடவிடும்போது பாட்டு அவசரமாகவும் உயரமாகவும் வரும். மூன்று சதவீதம் வேகம் கூடினாலே சுருதி 51 சென்ட் ஏறிவிடும், அதாவது அரை சுரத்தில் பாதி. பாட்டு ஏ-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் நட்டநடுவில் தொங்கும். கார்ட் சொல்லும் ஆப் இந்தப் பாட்டில் வரிக்கு வரி மனசு மாற்றிக்கொண்டே இருந்தது, பாவம், அதைச் சொல்லியும் குற்றமில்லை.

ட்ரான்ஸ்க்ரைபில் சுருதியைச் சென்ட் சென்ட்டாக நகர்த்தலாம். பாட்டு எங்கே வந்து நிற்கிறதோ அந்த நீளமான கடைசி நோட்டைச் சுற்றவிட்டு, பியானோவில் ஏ-யைத் தட்டிக்கொண்டே, நாற்பது, நாற்பத்தைந்து என்று கீழே இறக்கிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் அந்த வௌவௌ என்கிற அலை நீண்டு நீண்டு நின்றுவிடும். அப்புறம் பாட்டு முழுக்க உங்கள் கிட்டாரோடு ஒத்துப்போகும், கம்பியை முறுக்கி முறுக்கி அறுக்க வேண்டாம். ரேடியோவில் பிடித்தது என்பதால் மேல் சத்தமெல்லாம் போய்விட்டது, பிக் உரசுகிற சரசரப்பே கேட்காது. ஆனால் கிட்டாரின் சுரங்கள் 82 ஹெர்ட்ஸில் தொடங்கி ஆயிரத்தை ஒட்டித்தான் முடிகின்றன, அது அத்தனையும் டேப்பில் பத்திரமாக இருக்கிறது. ஒன்று மட்டும் இந்த டேப்புகளில் வேலைக்கு ஆகாது. குரலை நீக்கும் வசதி, இடது பக்கத்தில் இருந்து வலது பக்கத்தைக் கழித்து, இரண்டிலும் பொதுவாக நடுவில் இருப்பதை அழிக்கும். ரேடியோப் பதிவு மோனோ, இரண்டு பக்கமும் ஒன்றே. கழித்தால் பாட்டே போய் சும்மா சூன்யம்தான் மிஞ்சும். எண்பதுகளின் ஸ்டீரியோப் பாட்டுகளில் இதே வசதி அற்புதம், சில நேரம் அது கூட வேண்டாம், இயர்போனின் ஒரு பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டாலே கிட்டார் தனியாகக் கிடைத்துவிடும்.

இப்போது ஆடாசிட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000-இல் வெளிவந்த இலவச சாஃப்ட்வேர், கேசட்டை லேப்டாப்புக்குள் ஏற்றுவதற்கு நான் இன்றும் இதைத்தான் வைத்திருக்கிறேன், அதற்கு இதைவிட வேறொன்று தேவையில்லை. வேகத்தைக் குறைக்கலாம், சுருதியை மாற்றலாம், துண்டைச் சுற்றவிடலாம், குரலையும் நீக்கலாம். புதிய பதிப்புகளில் அலைவடிவத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தே மெதுவாக்கலாம். மாதம் ஓரிரு பாட்டு எடுக்கிறவருக்கு ஆடாசிட்டியே தாராளம், காசைக் கொடுத்து ஒரு செட் நல்ல கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது பாட்டை வெட்டி ஒட்டுவதற்காகச் செய்தது. பியானோ இல்லை, தட்டிப் பார்க்க முடியாது. பீட்டுக்குக் கோடு போடுவதும் ட்ரான்ஸ்க்ரைபில் இருக்கிற லாகவத்தில் வராது. வாரத்துக்கு வாரம் எடுக்கிற ஆளுக்கு இந்தச் சின்னச் சின்னத் தடங்கல்தான் சலிப்பு.

கம்பி என்றதும் ஞாபகம் வந்தது. நம் தீவில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உப்பு ஏறி கம்பி துரு பிடித்துவிடும், விரலில் கறுப்பு ஒட்டும். துருப்பிடித்த கம்பி திறந்து, அதாவது விரல் வைக்காமல், தட்டும்போது சுருதி சேர்ந்திருக்கும், பன்னிரண்டாவது ப்ரெட்டில் சேராது. அந்தக் கிட்டாரை வைத்துக்கொண்டு பாட்டில் நோட்டுத் தேடினால் எதுவுமே ஒத்துவராது. முதலில் கம்பியை மாற்றுங்கள். அதேபோல ப்ளூடூத் இயர்போனும் வேண்டாம், சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து கூடவே வாசிக்க விடாது. சாதாரண வயர் இயர்போன் போதும்.

எந்தக் கம்பியில் வாசித்தார்கள் என்பதை எந்தச் சாஃப்ட்வேரும் சொல்லாது, 39 டாலருக்கும் சொல்லாது. மேல் இ இருக்கிறதே, 329.6 ஹெர்ட்ஸ், அது முதல் கம்பியைத் திறந்து தட்டினாலும் வரும், இரண்டாவது கம்பியில் ஐந்தாவது ப்ரெட்டிலும் வரும், மூன்றாவதில் ஒன்பதிலும், நாலாவதில் பதினாலிலும் வரும். திறந்த கம்பி என்றால் அடுத்த நோட்டுக்குப் போன பிறகும் பின்னால் கொஞ்சம் ரீங்கரிக்கும், மூன்றாவது கம்பி என்றால் குரல் தடித்திருக்கும். வழுக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டால் இரண்டு நோட்டும் ஒரே கம்பி. முன்னால் என்ன, பின்னால் என்ன, விரல் எட்டுமா என்று பார்த்தால் நாலு இடத்தில் மூன்று தானாகக் கழிந்துவிடும்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளில், படகில் போகிற பையன்கள் சிலர் கிட்டார் கற்றுக்கொள்ள வருவார்கள். அவர்களிடம் லேப்டாப் கிடையாது, ட்ரான்ஸ்க்ரைப் கணினிக்கு மட்டும்தான். இது பெரிய குறைதான். போனில் இருக்கிறவர்களுக்கு யூடியூபிலேயே வேகத்தை 0.5 ஆக்கச் சொல்கிறேன், சுருதி மாறாது, திரையின் இடது பக்கம் இரண்டு தட்டு தட்டினால் பத்து நொடி பின்னால் போகும், அதை வைத்தே ரிதம் எடுத்துவிடுகிறார்கள். "அண்ணே, முதல்ல வாயால பாடிப் பாத்துட்டு தேடுனா சீக்கிரம் கிடைக்குது" என்று அவர்களில் ஒருவன் சொன்னான், சாஃப்ட்வேர் இருக்கிற தைரியத்தில் நான் விட்டுவிட்ட பழக்கம் அது.

வாங்குகிறவர்களுக்கு: 30 நாள் முழுசாக இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், எந்த வசதியையும் பூட்டி வைக்கவில்லை. கையில் எடுக்க வேண்டிய பாட்டுகள் நாலைந்து சேர்ந்த பிறகு நிறுவுங்கள், சும்மா நிறுவிவிட்டு நாளைக் கடத்தாதீர்கள். விலை டாலரில் இருப்பதால் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும், புது அட்டைகள் அதை மூடித்தான் வருகின்றன, வங்கி ஆப்பில் போய்த் திறந்துவிட்டு, பணம் போனவுடன் மறுபடி மூடிவிடுங்கள்.